ஏழைகளுக்கென்று ஒரு சாமியைப் படைப்பது எப்படி? சென்னைக் கதைக்கு ஒரு கற்பனைத் தெய்வம், படிப்படியாக

எங்கள் மொட்டை மாடியில் ஞாயிறு சாயங்காலம் நாலைந்து பேர் கூடி மாயாஜாலக் கதை எழுதுவோம். ஒருவர் ஓர் உலகத்தைச் சொல்ல, மற்றவர்கள் கேள்வி கேட்டுக் குடைவார்கள். ஒரு வாரம் நான் கொண்டுபோன சாமியின் பெயர் கருணைவேந்தன். வெள்ளை உடை, நெற்றியில் ஒளி, கையில் வற்றாத அன்னக் கிண்ணம், ஏழைகளைக் காப்பது தொழில். படித்து முடித்துப் பெருமையாக நிமிர்ந்தேன். பதினொரு வயது அக்கா மகள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அப்ப ஏன் மாமா இன்னும் ஏழைங்க இருக்காங்க?"

கருணைவேந்தன் அன்றோடு செத்தார்.

அதற்குப் பிறகு ஆறேழு மாதம் இழைத்து இழைத்து ஒரு தெய்வத்தை உருவாக்கினேன். பெயர் ஓரத்தாள். அவளை உருவாக்கிய வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். நாவல், படக்கதை, நண்பர்கள் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு என எதற்கும் இந்த வழி பொருந்தும். ஓரத்தாள் முழுக்கக் கற்பனை. அவளுக்குப் பின்னால் இருக்கும் ஊரும் வரலாறும் கற்பனை இல்லை.

முதல் படி: அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுங்கள்

பெயர், ஆயுதம், வாகனம் எல்லாம் பிறகு. சாமி இருந்தும் ஏன் ஏழைகள் இருக்கிறார்கள் என்பதற்கு ஒரே ஒரு வரியில் பதில் வேண்டும். அந்த வரி கிடைக்கும்வரை வேறெதுவும் எழுதாதீர்கள்.

இது புதுக் கேள்வி இல்லை. பிச்சையெடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமென்றால் இந்த உலகத்தைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்று வள்ளுவரே 1062ஆம் குறளில் சபித்துவிட்டார். படைத்தவனுக்கே சாபம் கொடுத்த மொழியில் எழுதுகிறோம். வாசகர் சும்மா விடமாட்டார்.

பதில்கள் சில வகைதான். சாமியால் முடியாது. சாமிக்குத் தெரியாது. சாமியை யாரோ கட்டிப்போட்டிருக்கிறார்கள். முடியும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. எதை எடுத்தாலும் சரி. "சோதிக்கிறார்" என்ற பதிலை மட்டும் எடுக்காதீர்கள். பசியோடு இருப்பவரைச் சோதிக்கிற சாமி ஏழைகளின் சாமி இல்லை, பள்ளிக்கூடத் தேர்வதிகாரி.

இதே ஏக்கம் உலகம் முழுக்க இருந்திருக்கிறது, நாலாயிரம் வருஷத்துக்கு முன்பும். சுமேரியாவில் லகாஷ் நாட்டின் நான்ஷே என்ற தெய்வத்தைப் போற்றும் பாடல், அனாதையையும் விதவையையும் அவள் அறிவாள் என்கிறது. அதே பாடலில் படியளப்பு, கணக்குச் சரிபார்ப்பு எல்லாம் வருகின்றன. பண்டைய எகிப்தியர்கள் அமுன் என்ற தெய்வத்தை 'ஏழைகளின் அமைச்சர்' என்று அழைத்தார்கள். லஞ்சம் வாங்காத நீதிபதி என்று அதற்குப் பொருள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் என் தப்பு புரிந்தது. இல்லாதவர்கள் கனவு கண்டது வாரி வழங்கும் வள்ளலை அல்ல. நேர்மையான குமாஸ்தாவை, காது கொடுத்துக் கேட்கும் நீதிபதியை.

வள்ளல் சாமியில் இன்னொரு சிக்கலும் உண்டு. வற்றாத பாத்திரத்தைக் கையில் கொடுத்தால் பசி முடிந்தது, கதையும் முடிந்தது. மணிமேகலையில் அமுதசுரபி பொருந்துவதற்குக் காரணம், அந்தக் கதை போய்ச் சேருகிற இடம் துறவு. உங்கள் கதை பசியைப் பற்றியது என்றால் அந்தப் பாத்திரத்தைத் தொடாதீர்கள்.

ஓரத்தாளுக்கு நான் எழுதிய வரி: "அவளுக்குக் கொடுக்கத் தெரியாது, பிடுங்கினதைக் கேட்கத் தெரியும்."

இரண்டாம் படி: 'ஏழை' என்ற சொல்லை உடையுங்கள்

ஏழைகள் எல்லோருக்கும் ஒரே சாமி என்றால் அது யாருக்கும் சாமி இல்லை. எந்த ஏழை, எந்த நேரத்தில், எதன் முன்னால் கைகட்டி நிற்கிறார் என்பது வேண்டும்.

இதற்கு ஊரில் நடக்க வேண்டும். விடிவதற்கு முன் காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கக் கூடையோடு நிற்கும் பெண்கள், கோயம்பேட்டில் மூட்டை இறங்கும் நேரம், பூங்கா நகர் நடைபாதையில் பாய் விரிக்கிறவர்கள், மாதக் கடைசியில் ரேஷன் கடை வரிசை. கேமராவை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். "உங்க கஷ்டத்தைச் சொல்லுங்க" என்று பேட்டியும் எடுக்காதீர்கள். ஒரு டீ வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றால் போதும், காதில் விழுவது விழும்.

என் காதில் விழுந்தது எனக்கே ஆச்சரியம். "பசிக்குது" என்று யாரும் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப வந்தது வேறு: "லிஸ்ட்ல பேர் வரல." "கைரேகை விழல." "பேர் விட்டுப்போச்சு, அடுத்த மாசம் வான்னாங்க." பசி, வீடு, மருந்து எல்லாமே ஒரு பட்டியலுக்குப் பின்னால் நிற்கின்றன. அந்தப் பட்டியலில் பேர் இருந்தால் நீ ஆள், இல்லாவிட்டால் காற்று.

ஓரத்தாளின் எல்லை அங்கே முடிவாயிற்று. அவள் பட்டியலில் பேர் இல்லாதவர்களின் சாமி. இவ்வளவு குறுக்கினால் கதைக்கு இடம் போதாதே என்று பயந்தேன். நடந்தது தலைகீழ். பட்டா இல்லாதவர், ஆஸ்பத்திரியில் 'அடையாளம் தெரியாதவர்' என்று எழுதப்பட்டவர், வேறு மாநிலத்திலிருந்து வந்து கட்டடத்தில் கல் சுமக்கிறவர், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட திருநங்கை, முதியோர் உதவித்தொகை நின்றுபோன பாட்டி என்று ஒவ்வொருவராக வந்து நின்றார்கள்.

மூன்றாம் படி: பிறப்பு

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். மேலை நாட்டு மாயக் கதைகளைப் படித்துப் பழகியவர்கள் சாமியை வானத்திலிருந்து இறக்குவார்கள். நம் பக்கத்துக் காவல் தெய்வங்களில் பலர் மண்ணிலிருந்து ஏறியவர்கள். மதுரை வீரனும் காத்தவராயனும் கொலையுண்டு சாமியானவர்கள். ஊர் செய்த அநியாயம் ஊரை உறுத்துகிறது. உறுத்தல் தாங்காமல் ஊர் கல் நடுகிறது. பயமும் குற்றவுணர்வும் சேர்ந்துதான் படையல். இந்தக் கணக்கு புரியாமல் நாட்டார் தெய்வத்தின் மீசையையும் அரிவாளையும் மட்டும் எடுத்துக்கொண்டால் மாறுவேடப் போட்டி ஆகிவிடும்.

அந்த இரண்டு கதைகளிலும் சாதி இருக்கிறது, சாதி தாண்டிய காதல் இருக்கிறது. உங்கள் சாமியின் பிறப்பிலிருந்து அதைத் துடைத்துவிட்டால் பல் பிடுங்கின பாம்புதான் மிஞ்சும். சங்கடமாக இருக்கும், தெரியும். சங்கடத்தோடு எழுதுங்கள்.

சென்னையில் அப்படி உறுத்த வேண்டிய அநியாயம் எது? தேடினால் காலடியிலேயே கிடக்கிறது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். மதராஸ் மாகாணத்தின் கிராமங்களிலிருந்து மக்கள் நடந்தே பட்டணம் வந்தார்கள். அரசு நிவாரணம் என்றால் சும்மா இல்லை, உடலுழைப்பு. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி, ஏறக்குறைய 8 கிலோமீட்டர், 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாகத்தான் வெட்டப்பட்டது. 1877 தொடக்கத்தில் கூலியைச் சிக்கனப்படுத்த வந்த பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் என்று குறைத்தார். ஏறத்தாழ 450 கிராம், அதோடு கொஞ்சம் சில்லறைக் காசு. மண் வெட்டுகிறவனுக்கு அது போதாது என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். 1878இல் கால்வாய்க்குப் பெயர் வைத்தார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர்.

வெட்டியவர்கள் பெயர்? ஒன்றுகூட நம் நாக்கில் இல்லை.

இந்த இடத்தில் நான் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். காரணம், எடுத்தனூர் நடுகல். திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல். சண்டையில் இறந்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, நாயின் பெயரையும் எழுதிவைத்திருக்கிறார்கள்: கோவிவன். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு கால்வாயையே வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை. என் சாமிக்கு இதைவிட நல்ல கருப்பை கிடைக்காது.

பிறப்புக் கதையை இப்படி எழுதினேன். செங்கற்பட்டுப் பக்கமிருந்து ஒருத்தி நடந்து வருகிறாள். வேலையிடத்தில் அன்றைய பெயர்ப் பதிவு முடிந்துவிட்டது. மேஸ்திரி தலை நிமிராமல் "பேர் ஏறல, ஓரமா நில்லு" என்கிறான். அவள் நிற்கவில்லை, வெட்டுகிறாள். நாளைக்குப் பெயர் ஏறும் என்ற நம்பிக்கையில் ஒன்பது நாள் கூலியில்லாமல் மண் சுமக்கிறாள். பக்கத்தில் வெட்டுகிறவர்கள் தங்கள் பவுண்டிலிருந்து கிள்ளிக் கொடுக்கிறார்கள். பத்தாம் நாள் விடிகாலை கரையோரம் கிடக்கிறாள். கூலிப் பட்டியலில் பெயர் இல்லாததால் சாவுப் பட்டியலிலும் பெயர் இல்லை. பக்கத்தில் ஒரு தெருநாய் மட்டும் உட்கார்ந்திருக்கிறது.

நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் ஆறு கட்டம் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைக் காண்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை. கதையாசிரியருக்கு இதைவிட நல்ல சட்டகம் வேறென்ன வேண்டும்? ஆறு கட்டத்தையும் ஒரே ராத்திரியில், மேஸ்திரிக்குத் தெரியாமல் நடத்தவைத்தேன். கல், அவர்களே தோண்டி எடுத்த கல். நீராட்டு, கால்வாயின் சேற்றுத் தண்ணீர். பெரும்படைக்கு எங்கே போவது? ஆளுக்கு ஒரு பிடி, மறுநாள் பட்டினி. கடைசியில் வாழ்த்த வேண்டும். யாருக்கும் அவள் பெயர் தெரியாது. "ஓரமா நின்னவளே" என்று ஒரு கிழவி தொடங்குகிறாள்.

நான்காம் படி: பெயர், உருவம்

சீக்கிரம் முடிக்கலாம். பெயரைப் பஞ்சாங்கத்தில் தேடாதீர்கள், தெருப் பேச்சில் தேடுங்கள். "ஓரம் போ" என்பது இந்த ஊரில் இல்லாதவர்களுக்குத் தினமும் விழுகிற கட்டளை. 'ஓரம்' என்ற சொல்லுக்கு விளிம்பு என்றும் பொருள், பாரபட்சம் என்றும் பொருள். ஓரவஞ்சனை அங்கிருந்து வந்ததுதான். மன்றத்தில் ஓரம் சொன்னவர் வீடு பாழ் என்று ஔவையே பாடியிருக்கிறாள். நான் அந்தச் சொல்லைத் திருப்பிப் போட்டேன். உலகமே ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும்போது, இவள் வெளிப்படையாக மறுபக்கம் சாய்கிறவள். நடுநிலை சாமி இல்லை இவள், ஓரம் சாய்கிற சாமி.

ஏட்டுப் பெயர் ஒன்று, கூப்பிடு பெயர் ஒன்று என்று இரண்டு வையுங்கள். கதை சொல்கிறவன் ஓரத்தாள் என்பான். கரையோரத்துப் பிள்ளைகள் "ஓரத்தம்மா" என்பார்கள்.

உருவம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சேப்பாக்கத்துக்கும் மயிலாப்பூருக்கும் நடுவில் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. அதில் ஒரு தூணின் அடியில் முழங்கால் உயரக் கல், எழுத்தில்லாத கல். ஆயுதம் மண்வெட்டி. காவலுக்குத் தெருநாய். போதும்.

ஐந்தாம் படி: முறையிடும் வழி

சாமியின் குணத்தைக் காட்டுவது புராணம் அல்ல, வழிபாடு. ஒருவர் அந்தச் சாமியிடம் போய் என்ன செய்ய வேண்டும், அதற்கு எவ்வளவு செலவு, எவ்வளவு நேரம், யார் குறுக்கே நிற்பார்கள் என்று எழுதுங்கள். பாதிக் கதை அங்கேயே கிடைக்கும்.

நம்மிடம் இதற்கு அற்புதமான முன்மாதிரிகள் உண்டு. விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் 'பிராது கட்டுதல்' என்று ஒரு வழக்கம். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பதைப் போலவே குறையைத் தாளில் எழுதிச் சாமிக்குக் கட்டுகிறார்கள். காரியம் முடிந்ததும் பிராதைத் திரும்பப் பெறுவதும் உண்டு. ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசுகிறார்கள். எரிச்சலை வாயால் சொல்லாமல் கல்லுக்கே கொடுத்துவிடுவது. பண்டைய எகிப்தில் வேண்டுதல் கற்களில் காது காதாகச் செதுக்கிவைத்தார்கள், சாமி கேட்க வேண்டும் என்று. கோர்ட்டுக்குப் போக முடியாதவர்களுக்குச் சாமிதான் கோர்ட். பூசை வேறு, வழக்கு வேறு. உங்கள் ஏழைகளின் சாமிக்கு முதலில் வேண்டியது வழக்கு.

எனக்கு ஒரு சோதனை உண்டு. எந்த வழிபாட்டை எழுதினாலும் கேட்டுக்கொள்வேன்: கையில் ஒரு ரூபாய்கூட இல்லாதவர், எழுதத் தெரியாதவர், குளிக்க இடமில்லாதவர் இதைச் செய்ய முடியுமா? என் முதல் வரைவில் எலுமிச்சம்பழம் இருந்தது. பழம் என்ன விலை விற்கிறது என்று நினைத்ததும் அடித்துவிட்டேன். சூடத்தையும் அடித்தேன். தாள், பேனா போயிற்று. மிச்சமிருந்தது குரல்.

ஓரத்தாளின் முறையீடு இப்படி நடக்கும். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கூழாங்கல்லை வைக்க வேண்டும். தன் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். கூட வந்த ஒருவர் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு எந்தப் பட்டியலில் பெயர் விட்டுப்போயிற்று, யார் விட்டார் என்பது. அவ்வளவுதான். நேரம் காலம் இல்லை, தீட்டு இல்லை.

பெயரைத் திருப்பிச் சொல்ல ஆளே இல்லாதவர் என்ன செய்வார்? இங்கே இரண்டு வாரம் மாட்டிக்கொண்டேன். விடை நாயிடம் இருந்தது. நாதியற்றவர் நாயின் முன்னால் சொன்னால் போதும். அது குரைத்தால் சாட்சி. ஆனால் நாய் தூங்குகிற நேரமாகப் பார்த்துத்தான் கதையில் ஆள் வருவார், நீங்கள் கவலைப்படாதீர்கள்.

ஆறாம் படி: சக்தியும் விலையும்

இடி, மின்னல், கண்ணைக் குருடாக்குவது என்று போகாதீர்கள். சாமியின் எல்லையிலிருந்தே சக்தி முளைக்க வேண்டும். அல்லற்பட்டு ஆற்றாமல் அழுத கண்ணீர் செல்வத்தைத் தேய்க்கும் படை என்று 555ஆம் குறள். அதில் 'தேய்க்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். வெட்டாது, எரிக்காது. அரம் போல, நாள் கணக்கில் தேய்க்கும்.

ஓரத்தாளும் தேய்க்கிறாள், பெயரை. வேண்டுமென்றே ஒரு பெயரை விட்டவனின் சொந்தப் பெயர் தேய ஆரம்பிக்கிறது. முதல் நாள் அவன் கையெழுத்து வங்கியில் பொருந்தவில்லை. மூன்றாம் நாள் அவன் அடுக்குமாடியின் வாட்ச்மேன் "யாரு சார் நீங்க?" என்கிறார், பத்து வருஷமாகப் பார்க்கிறவர். ஆறாம் நாள் பத்திரத்தில் பெயர் இருந்த இடம் வெறும் தாள். ஒன்பதாம் நாள் ராத்திரி, அவன் அம்மா சாப்பாட்டுக்கு ஒரு தட்டு குறைவாக வைக்கிறாள். அதற்குள் அவன் விட்டுப்போன பெயரைத் தன் வாயால் உரக்கப் படித்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும். ஒன்பது நாள் என்பது கால்வாயில் அவள் கூலியில்லாமல் வெட்டிய கணக்கு.

அடுத்தது விலை. விலையில்லாத சக்தி கதையைக் கெடுக்கும், அது வழக்கமான பாடம். ஆனால் ஏழையிடமே விலை கேட்டால்? முதலில், முறையிடுகிறவர் பத்து நாள் ஞாபகத்தை இழப்பார் என்று எழுதியிருந்தேன். எங்கள் கூட்டத்தில் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் உண்டு. "சரிதான், ஏழைக்கு கேஸுன்னா எப்பவும் கைச்செலவுதான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஓரத்தாளும் அப்படித்தான் என்றால் அவள் எதற்கு?

மாற்றி எழுதினேன். பத்து நாள் ஞாபகம் விலை என்பது மாறாது. ஆனால் பெயரைத் திருப்பிச் சொல்கிற ஒவ்வொருவரும் அதைப் பங்குபோட்டுக்கொள்ளலாம். தனியாக வந்தவர் பத்து நாளை இழப்பார். பத்துப் பேராக வந்தால் ஆளுக்கு ஒரு நாள். தெருவே திரண்டு வந்தால் ஆளுக்குச் சில நிமிஷம், பாலைக் கொதிக்க வைத்ததை மறந்து பொங்கவிடுகிற அளவு. இந்த ஒரு விதி வந்த பிறகு கதை தானாக ஓட ஆரம்பித்தது. யார் கூட வருவார்கள், யார் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரமாட்டார்கள், வேண்டியவர் என்று நம்பியவர் கடைசி நேரத்தில் வாயை மூடிக்கொண்டால் என்ன ஆகும்? எல்லாம் மனுஷக் கதை. விளையாட்டாக ஆடுகிறவர்களுக்கு இது இன்னும் சுலபம். இழப்பைப் பகடையில் போட்டு, சாட்சிகளின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: எதிரி

அசுரன் வேண்டாம். ஏழைகளின் சாமிக்கு எதிரி கெட்டவனாக இருந்தால் தட்டையாகிவிடும். எதிரி பக்கமும் ஒரு நியாயம் வேண்டும். நான் வைத்தது ஏட்டையன், பட்டியல்களின் தெய்வம். (ஏட்டையா என்று போலீஸ்காரரைக் கூப்பிடுவது ஞாபகம் வந்தால் நல்லது, அதற்காகத்தான்.) அவன் வாதம் இது: பஞ்சத்தில் பட்டியல் இல்லாவிட்டால் தடி எடுத்தவன் தானியத்தை அள்ளிக்கொண்டு போவான். எண்ணினால்தான் பங்கு. நான்ஷே கணக்கு வைத்த தெய்வம் என்று மேலே சொன்னேனே, அவளும் அவன் கட்சிதான். ஓரத்தாளால் இதை மறுக்க முடியாது. அவள் கேட்பது ஒன்றுதான்: கடைசிப் பெயருக்குக் கீழே எப்போதும் ஒரு வெற்று வரி விடு. ஏட்டையனால் முடியாத காரியம் அது. வெற்று வரி இருந்தால் கணக்கு மூடாது.

அசல் ஆபத்து வேறு பக்கமிருந்து வருகிறது. சாமி பிரபலமாகிவிடுகிறாள். தூணடியில் முதலில் தகரக் கொட்டகை, பிறகு டைல்ஸ், அதற்குப் பிறகு ஒலிபெருக்கி. கமிட்டி அமைகிறது. நம் ஊர்க் கோயில் டியூப்லைட்டைப் பார்த்திருப்பீர்கள், வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு 'உபயம்: இன்னார் குடும்பத்தார்' என்று சிவப்பு எழுத்து. ஓரத்தாள் சந்நிதியில் முதல் உபயதாரர் பெயர் எழுதப்பட்ட ராத்திரி, கல் வெறும் கல் ஆகிறது. நாய் எழுந்து வேறெங்கோ போய்விடுகிறது. பெயரில்லாதவர்களின் சாமி, பெயர் எழுதின இடத்தில் இருக்கமாட்டாள். பக்தர்களுக்கு இது தெரிய இருபது பக்கம் ஆகும்.

எழுதும்போது ஓர் எச்சரிக்கை. தெருமுனையில் நிஜமாகக் கும்பிடப்படுகிற அம்மனையோ முனீஸ்வரனையோ பெயர் மாற்றாமல் தூக்கிப் போட்டு உங்கள் வசதிக்கு வளைக்காதீர்கள். சாமியாடுவதை வேடிக்கைக் காட்சியாக எழுதாதீர்கள். ஆடி மாசம் கூழ் ஊற்றுகிற இடத்தில் ஒரு நாள் முழுக்க நின்று பாருங்கள். யார் பானை சுமக்கிறார்கள், யாருக்கு முதல் சொம்பு, தீர்ந்த பிறகு வருகிறவரிடம் என்ன சொல்கிறார்கள் என்பதெல்லாம் உங்கள் கற்பனைக்குத் தானாக வராது.

எட்டாம் படி: அவள் மொழி

மந்திரம் எழுதும்போது பலரும் சட்டென்று வடமொழிக்கோ, தூய இலக்கியத் தமிழுக்கோ தாவிவிடுவார்கள். கால்வாய்க் கரைச் சாமிக்கு அது ஒட்டாது. எங்கள் வரைவில் கிழவி தொடங்கிய வாழ்த்து இப்படி வளர்ந்தது:

ஓரம் போன்னாங்க, வந்தேன் தாயே
ஓரத்துலயும் எடமில்ல தாயே
ஏட்டுல பேரில்ல, வூட்டுல சோறில்ல
எண்ணிப் பாரு, நானும் ஒருத்தி தாயே

இதை ஒரு தரம் வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். மண் சுமக்கிற நடைக்கு ஒத்துவர வேண்டும், இல்லாவிட்டால் மாற்றுங்கள். பாட்டு தவிர ஓர் ஆணை, ஒரு வசவு, ஒரு பழமொழி இருந்தால் சாமி ஊருக்குள் வாழ்கிறாள் என்று அர்த்தம். "ஓரத்தா மேல சத்தியம்." "உம் பேரு தேய!" "எண்ணாத தலைக்கு ஓரத்தா தொணை." கடைசியில் உள்ளதை என் கதையில் ஒரு ஆட்டோவின் பின்னால் எழுதிவைத்திருக்கிறேன், கோர்வையாக இல்லாமல், ஒரு எழுத்து உரிந்துபோய்.

ஒன்பதாம் படி: வெள்ளத்தில் விட்டுப் பாருங்கள்

படைத்த சாமியை ஊரின் மிக மோசமான ராத்திரியில் கொண்டுபோய் விடுங்கள். சென்னையில் வாழ்பவருக்கு அது 2015 டிசம்பர் முதல் தேதி இரவாகத்தான் இருக்கும், அடையாறு கரை மீறிய இரவு. ஓரத்தாளால் தண்ணீரை நிறுத்த முடியாது. நிறுத்தினால் முதல் படியில் எழுதின வரி பொய். அவள் என்ன செய்வாள்? என் கதையில் படகில் வருகிறவர்கள் வீட்டு எண்ணைப் பார்த்துப் பார்த்து ஆளை ஏற்றுகிறார்கள். எண் இல்லாத குடிசைகளை இருட்டில் தாண்டிப் போகிறார்கள். நாய் குரைக்கிறது. படகுக்காரர் வாயில், அவருக்கே தெரியாத ஒரு பெயர் வருகிறது. "யாரோ செல்வின்னு... இங்க செல்வி இருக்கியா?" அவள் செய்வது அவ்வளவுதான். மிச்சம் துடுப்புப் போடுகிறவர் வேலை.

இரண்டாவது சோதனை இடப்பெயர்ச்சி. கூவம், கால்வாய்க் கரைகளில் இருந்த பல குடும்பங்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கே கொண்டுபோய் அடுக்குமாடிகளில் வைத்தார்கள். உங்கள் சாமி கூடப் போவாளா? நம் வழக்கத்தில் அதற்கு வழி உண்டு, பிடிமண். பழைய இடத்தின் ஒரு பிடி மண்ணைக் கொண்டுபோய்ப் புது இடத்தில் வைத்தால் சாமி வந்துவிடும். என் கதையின் கடைசி அத்தியாயத்தில் ஒருத்தி தூணடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறுகிறாள். வீடு ஒதுக்கும் இடத்தில் பெயர் படிக்கிறார்கள். அவள் பெயர் வரவில்லை. முந்தானை முடிச்சு கனக்க ஆரம்பிக்கிறது.

போன ஞாயிறு இதை மொட்டை மாடியில் படித்துக் காட்டினேன். அக்கா மகளுக்கு இப்போது பன்னிரண்டு. கன்னத்தில் கைவைத்து முழுக்கக் கேட்டாள். இந்த முறை தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"மாமா, அந்த நாய்க்குப் பேரே வெக்கலியே?"

பெயரில்லாதவர்களின் சாமியைப் பற்றி ஆறேழு மாதம் எழுதியிருக்கிறேன். கோவிவனைப் பற்றி அத்தனை பேசியிருக்கிறேன். முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.